கோட் போடாத படம்

ஜனவரி 8

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் சௌக்கியம். நீ, மருமகள், பிள்ளைகள் எல்லோருக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? துறைமுகத்து ஈரக்காற்று உன் நெஞ்சுக்கு ஆகாது. காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

முதலில் நல்ல சேதிகள். உன் அண்ணன் மகள் டீச்சர் இருக்கிறாளே, போன மாதம் பெரிய டீச்சர் லீவில் போனபோது பள்ளிக்கூடச் சாவி முழுக்க இவள் இடுப்பில்தான் தொங்கியது. சாப்பிடும்போதுகூட அவிழ்க்கவில்லை. அடுத்து அண்ணன் மகன். இத்தனை நாள் பாங்கில் பின்னால் உட்கார்ந்து பேரேடு எழுதிக்கொண்டிருந்தவனை முன் ஜன்னலுக்கு மாற்றிவிட்டார்கள். இனிமேல் அவன் கேஷியர். இந்த ஊரில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது என்பதால் பாங்கில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கு ஞாபகம் இருக்கும். யார் பணம் போட்டாலும் எடுத்தாலும், கேஷியர் அவர்கள் பெயரைச் சொல்லி, ஒவ்வொரு நோட்டாகச் சத்தமாக எண்ண வேண்டும். இவன் குரல் தெருமுனை வரை கேட்கிறது. வேலையே இல்லாவிட்டாலும் நான் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருகிறேன். ஊரில் எனக்குக் கேஷியர் பாட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உன் மகன் கணக்குப்புலி வகுப்பில் முதல் என்று எழுதியிருந்தாய். உன் மகள் வாயாடி மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கினாள் என்றும் எழுதியிருந்தாய். இரண்டையும் தெருவில் ஒரு வீடு பாக்கி இல்லாமல் சொல்லி முடித்தேன். கப்பல் கம்பெனியில் தலைமைக் கணக்கர் பெற்ற பிள்ளைகள் வேறு எப்படி இருக்கும் என்றேன். நீ கோட் போட்டு, பையில் பேனா செருகி நிற்கிற படம் கூடத்துச் சுவரில்தான் இருக்கிறது. உள்ளே வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பார்க்காதவர்களை நான் பார்க்க வைக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். இரண்டு மாதமாக உன் மணியார்டர் வரவில்லை. போஸ்ட்மேன் வாசலில் நின்று எண்ணிக் கொடுப்பதை வேடிக்கை பார்த்துப் பழகிய பக்கத்து வீட்டு ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை. (சேதி சொல்வதால்தான் அந்தப் பெயர், நீ போன பிறகு குடி வந்தவள்.) "என்ன பாட்டி, போஸ்ட்மேன் சும்மாவே போறாரு?" என்றாள். "என் மகன் இப்பல்லாம் நேரா பாங்குக்கே அனுப்பிடறான்" என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பணம் பெரிதில்லை, அண்ணன் சம்பளம் போதும். தகவல் மட்டும் எழுது.

சுவரில் இருக்கும் படம் பழசாகிவிட்டது. புதுப் படம் ஒன்று எடுத்து அனுப்பவும்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா

பிப்ரவரி 2

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? அண்ணன் உடம்பு எப்படி? பாட்டில் தொழிற்சாலை உலைச் சூட்டில் நிற்கிறவர், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள்.

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். வேலை அதிகம். மணியார்டர் விஷயத்தில் ஒரு சின்னச் சிக்கல், சீக்கிரம் சரியாகிவிடும். நாங்கள் வீடு மாறிவிட்டோம். பழைய வீடு பெரிது, கூட்டிப் பெருக்கவே மருமகளுக்குப் பொழுது போய்விடுகிறது. இது ஒரே அறை, வசதியாக இருக்கிறது. புது விலாசம் கீழே.

துறைமுகத்தில் இப்போது சத்தமே இல்லை. கப்பல்கள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகளுக்கு வேடிக்கை. நான் வழக்கமாகப் படம் எடுக்கும் ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். வேறு இடம் பார்த்து எடுக்கிறேன்.

கேஷியருக்கும் டீச்சருக்கும் என் வாழ்த்துகள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்பு மகன்,
சின்னவன்

பிப்ரவரி 12

அன்புள்ள சின்னவனுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்கிறாயா என்று இந்தத் தடவை மரியாதைக்குக் கேட்கவில்லை. நிஜமாகக் கேட்கிறேன்.

நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் கடிதத்தை மட்டும் படித்துவிட்டு உறையைத் தூக்கிப் போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. நீ அனுப்பிய உறையை ஓரம் பிரித்துப் பார்த்தேன். உள்பக்கத்தில் உன் கம்பெனி முத்திரையும் வேறு யாருடைய விலாசமோ ஒன்றும் இருந்தன. பழைய உறையைத் திருப்பி ஒட்டி எனக்கு அனுப்பியிருக்கிறாய். தலைமைக் கணக்கருக்கு ஒரு புது உறை கிடைக்கவில்லையா? பழைய வீடு பெரிது என்று மருமகள் ஒரு நாளும் சொல்லியிருக்க மாட்டாள். அந்த வீட்டு ஜன்னலைப் பற்றி அவள் எழுதியதை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

எத்தனை நாளாக வேலை இல்லை? மறைக்காமல் எழுது. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அம்மா

மார்ச் 1

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்களிடம் மறைக்க முடியாது என்று மருமகள் அன்றே சொன்னாள். நாங்கள் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம். அது உண்மை. நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

நவம்பரிலேயே கம்பெனியை மூடிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் எப்படிச் சொல்வது? ஏற்றுமதி ஏறிக்கொண்டேதான் போகும் என்று நம்பிக் கடன் வாங்கிப் புதுக் கப்பல்கள் வாங்கினார்கள். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். எல்லாக் கம்பெனியும் அப்படியே போட்டிருக்கிறது. ஒரு நாள் வாங்குகிறவன் நிறுத்தினான். விற்கவில்லை என்று ஆளைக் குறைத்தார்கள். குறைத்த ஆளிடம் காசு இல்லை, அவனும் வாங்கவில்லை. அதனால் விற்பனை இன்னும் குறைந்தது. இப்போது கிடங்கு நிறையக் கோதுமை கெட்டுப்போகிறது, கிடங்கு வாசலில் ரொட்டிக்கு வரிசை நிற்கிறது. நடுவில் ஒரு கதவுதான். அதைத் திறக்கிற கணக்கு யாருக்கும் தெரியவில்லை.

அந்த வரிசையில் நானும் நிற்கிறேன். கணக்குப்புலி பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டான். மருமகள் பழைய துணி தைக்கிறாள். கோட் அடகுக் கடையில் இருக்கிறது. அதனால்தான் படம் எடுக்க முடியவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இது யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமாக அண்ணனுக்கு. அவர் படிக்க ஆசைப்பட்டவர். உலையில் நின்று என்னைப் படிக்க வைத்தார். நான் ரயில் ஏறின அன்று, "உன்னைக் கோட் போட்ட ஆளாப் பாக்கணும்டா, அது போதும்" என்றார். இப்போது எந்த முகத்தோடு சொல்வது? நானாகச் சொல்லச் சொல்லும்வரை சொல்ல மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்யுங்கள்.

மகன்

மார்ச் 11

அன்புள்ள சின்னவனுக்கு,

சத்தியம். நீ சொல்லச் சொல்லும்வரை என் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

இந்தக் கடிதத்தோடு ஒரு துணிப்பொட்டலம் வரும். அதில் என் சேமிப்பு முழுவதும் இருக்கிறது. உங்கள் அப்பா போன பிறகு வந்த தொகையும் நீ அனுப்பியதில் மிச்சமும் சேர்ந்தது. திருப்பித் தருவதைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம் வரும். முதலில் பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்.

மணியார்டரில் அனுப்பினால் ரேடியோவுக்குத் தெரிந்துவிடும். பட்டணத்திலிருந்து வந்துகொண்டிருந்த பணம் ஏன் பட்டணத்துக்குப் போகிறது என்று ஊர் முழுக்க ஒலிபரப்பாகும். அதனால் பாட்டில் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நம் பாட்டில் தொழிற்சாலைச் சரக்கை வாரம் இரண்டு தடவை துறைமுகத்துக்கு ஏற்றிப் போகிறவன். வாய்ப்பூட்டு என்று கூப்பிடுவார்கள். கேட்டாலும் பேச மாட்டான். உன் புது விலாசத்தைப் படித்துக் காட்டினேன், தலையை ஆட்டினான்.

பாங்கில் நடந்ததையும் சொல்கிறேன். நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு போனேன். கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம் என்று முதலில் நினைத்தேன். என் பிள்ளைக்குப் பிச்சை போடுகிற மாதிரித் துண்டு துண்டாகவா அனுப்புவது என்று மனசு ஒப்பவில்லை. மொத்தமாக முடித்துக் கொடுக்கச் சொன்னேன். பேரன் ஜன்னலுக்குள்ளிருந்து மெதுவாக, "பாட்டி, என்ன திடீர்னு?" என்றான். "வாடிக்கைக்காரங்ககிட்ட எல்லாம் இப்படித்தான் கேப்பியா?" என்றேன். வழக்கத்தை விட முடியாதே. என் பெயரைச் சொல்லி, கணக்கு முடிகிறது என்று சொல்லி, ஒவ்வொரு நோட்டாக எண்ணினான். நல்ல கூட்டம். சம்பள நாள். அவன் எண்ணி முடிக்கும்வரை ஒருவரும் பேசவில்லை. என் பேரன் குரலுக்கு இருக்கிற மரியாதை அது.

வாசலில் ரேடியோ. "என்ன பாட்டி, மொத்தமாத் துடைச்சு எடுத்துட்டீங்க? பேரன் ஏதாவது காதுல போட்டானா?" என்றாள். "என் பணம், என் இஷ்டம்" என்று நடந்துவிட்டேன்.

எல்லோரும் நன்றாகச் சாப்பிடுங்கள். கோட்டை மீட்டதும் படம் எடுத்து அனுப்பு.

அம்மா

மார்ச் 16

சின்னவனுக்கு,

எல்லோரும் உடம்புக்குச் சுகம். அதை மட்டும்தான் சுகம் என்று எழுதலாம்.

தபாலை நம்பாமல் இதையும் வாய்ப்பூட்டு கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். உடனே படி.

நான் பணம் எடுத்த மறுநாள் காலையில் பாங்க் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அதற்கு மறுநாள் வரிசை ரொட்டிக் கடையைத் தாண்டியது. நேற்று தொழிற்சாலைக் கேட் வரைக்கும். எல்லோரும் கணக்கை முடிக்க வந்தவர்கள். எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான். கேஷியரோட பாட்டியே எடுத்துட்டாங்க, உள்ளே இருக்கிறவன் சொல்லாமலா எடுப்பாங்க?

பேரன் மத்தியானம் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் வந்து என் காலடியில் உட்கார்ந்தான். "பாட்டி, பணம் எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க. நாளைக்கு வந்து பாங்க் படியில நின்னு சொன்னாப் போதும், கூட்டம் கலைஞ்சிடும்னு மேனேஜர் சொல்றார்."

"பாங்க்ல பணம் இருக்குதானே, குடுத்துட்டுப் போங்களேன்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "நீங்க போட்ட பணம் பெட்டியில தூங்கிக்கிட்டா இருக்கும்? அது தொழிற்சாலைக்குக் கடனாப் போயிருக்கு. அப்பா நிக்கிற உலைக்குக் கரியா இருக்கு, இந்தத் தெருவுக்குக் கூலியா இருக்கு. எல்லாரும் ஒரே வாரத்துல கேட்டா, எரிஞ்சுபோன கரியை எப்படித் திருப்பி எடுக்கறது?"

எனக்கு இது தெரியாது. இத்தனை வருஷம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தும் தெரியாது.

நான் சொன்னால் நின்றுவிடும். என் மகனுக்கு வேலை போய்விட்டது, அவனுக்காக எடுத்தேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் உனக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். ஒரே ஒரு வார்த்தை தந்தி அடி. சொல்லுங்கள் என்று. வேறு ஒன்றும் வேண்டாம். உன் அண்ணன் மகனுடைய பெயர் உன் கையில் இருக்கிறது.

அம்மா

மார்ச் 24

சின்னவனுக்கு,

நீங்கள் எல்லோரும் சௌக்கியம் என்று நினைத்துக்கொள்கிறேன். கேட்டால் பதில் வருவதில்லை.

தந்தி ஆபீஸ் வாசலில் தினமும் போய் நின்றேன். தந்திக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததும் தலையை ஆட்டுவார். நான்காம் நாள் பேரன், "பாட்டி, இன்னிக்கு ஒரு நாள்தான் தாங்கும்" என்றான். போனேன்.

பாங்க் படியில் ஏறி நின்றேன். எல்லாம் தெரிந்த முகங்கள். நான் பிரசவம் பார்த்த பெண்கள்கூட நின்றார்கள். சத்தியத்தை மீறாமல் கூட்டத்தைக் கலைக்க வேண்டும். நடந்து வரும்போதே ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன். நன்றாக இருப்பதாக எனக்குத் தோன்றியது. "யாரும் பயப்படாதீங்க. என் சின்ன மகன் பட்டணத்துல சொந்த வீடு வாங்கறான். அதுக்குத்தான் எடுத்தேன்" என்றேன்.

பிறகு உலையில் உன் அண்ணன் பக்கத்தில் நின்று பாட்டில் ஊதுகிறவர் நிதானமாகக் கேட்டார். "ஊர்ல ஒருத்தனும் ஒரு ஜன்னல்கூட வாங்காத காலத்துல வீடா? அப்போ நோட்டு செல்லாமப் போகறதுக்கு முன்னாடி பணத்தைச் செங்கல்லா மாத்திக்கிட்டீங்க. அதையும் பேரன்தான் சொன்னானா?"

அதற்கப்புறம் வரிசையாக நிற்கவில்லை. கதவைத் தள்ளினார்கள். மேனேஜர் இரும்புக் கதவை இறக்கிப் பூட்டினார். அன்றைக்கு இறங்கினது இன்னும் ஏறவில்லை. பேரனைப் பின்வாசல் வழியாக அழைத்து வந்தார்கள். அவன் சட்டையில் ஒரு கை இல்லை.

நான் பெருமைக்காக ஒரு பொய் சொல்லவில்லை, உனக்காகச் சொன்னேன் என்று முதலில் எழுதினேன். பிறகு அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியும்.

அம்மா

ஏப்ரல் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் உடல்நிலை பற்றியே நினைவாக இருக்கிறது. அண்ணன், அண்ணி, கேஷியர், டீச்சர் எல்லோர் நலத்துக்கும் எழுதுங்கள்.

நீங்கள் அனுப்பிய பொட்டலத்தை டிரைவர் அறைக்கே வந்து மருமகள் கையில் கொடுத்தார். அவள் அழுதாள். வாடகைப் பாக்கியைக் கட்டினோம். கணக்குப்புலி பள்ளிக்கூடம் போகிறான். கோட்டையும் மீட்டேன். அது இல்லாமல் எந்த ஆபீஸிலும் வாசலைத் தாண்ட முடியாது.

உங்கள் 16-ம் தேதிக் கடிதம் எனக்கு நேரத்துக்குக் கிடைக்கவில்லை. டிரைவர் தெரியாமல் பழைய வீட்டில் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. அவர்கள் கொண்டுவந்து தரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. கிடைத்திருந்தால் உடனே தந்தி அடித்திருப்பேன். நடந்ததற்கு மிகவும் வருந்துகிறேன். ஒரு கிழவி பணம் எடுத்ததால் ஒரு பாங்க் விழாது அம்மா. எங்கும் பாங்குகள் விழுகின்றன. நீங்கள் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்.

கேஷியர் கெட்டிக்காரன். அவனுக்கு வேறு வேலை கிடைத்துவிடும்.

மகன்

மே 20

சின்னவனுக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் அப்படி இருக்க வேண்டும்.

உலை அணைந்துவிட்டது. பாங்க் மூடியதும் தொழிற்சாலைக்குக் கரி வாங்கக் கடன் கொடுக்க ஆள் இல்லை. கையிருப்புக் கரியை வைத்து ஒரு மாதம் இழுத்தார்கள். சரக்கு எடுக்கவும் ஆள் இல்லை. கடைசி நாள் உன் அண்ணன் வீட்டுக்கே வரவில்லை. நான் நீ பிறந்த நாளிலிருந்து பார்க்கிறேன், அந்தப் புகைபோக்கி ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. உலை ஆறினால் உள்ளே இருக்கிற கண்ணாடி கல்லாகிவிடும், மறுபடி பற்றவைக்க முடியாது. உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உடைக்கிற வேலைக்குத் தினக்கூலி தருகிறார்கள். உன் அண்ணன் அந்த வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறான். தான் நின்ற உலையைத் தானே சம்மட்டியால் உடைக்கிறான்.

பாட்டில் இல்லை என்றால் லாரியும் இல்லை. வாய்ப்பூட்டு ஊரை விட்டுப் போகிறான். சொல்லிக்கொள்ள வந்தான். தண்ணீர் கொடுத்து, கடிதத்தை ஏன் பழைய வீட்டில் கொடுத்தாய் என்று கேட்டேன். குடித்துவிட்டு முதல் தடவையாக வாயைத் திறந்தான். "பழைய வீட்டுலயா? இல்ல பாட்டி. உங்க மகன் கையிலதான் குடுத்தேன். படிக்கட்டுல நின்னு என் முன்னாடியே படிச்சாரு. ரெண்டு தடவ படிச்சாரு."

நான் வேறு ஒன்றும் எழுதவில்லை.

அம்மா

ஜூன் 14

அம்மாவுக்கு,

டிரைவர் சொன்னது நிஜம்.

படித்ததும் மருமகள் போங்க, இப்பவே போங்க என்றாள். தந்தி ஆபீஸுக்குப் போனேன். தாளை வாங்கி, "சொல்லுங்கள்" என்று எழுதினேன். எனக்கு முன்னால் இரண்டு பேர்தான். அந்த வாரம் ஒரு கிடங்கு ஆபீஸில் என்னை வரச் சொல்லியிருந்தார்கள். வேலை கிடைத்துவிட்டால் சொல்லவே தேவை இருக்காதே, இரண்டு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். என் முறை வந்ததும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்த வேலை கிடைக்கவில்லை. வேறு ஒருவனும் கோட் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

அண்ணன் முகம்தான் கண் முன்னால் வந்தது. அவர் மகன் முகம் வரவில்லை. இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

உங்கள் உடம்பைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது?

சின்னவன்

ஜூலை 30

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வாயாடிக்கு இருமல் இருந்தால் ஈரத்தில் படுக்க விடாதே.

வழக்கம்போல முதலில் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். டீச்சருக்குச் சம்பளம் நின்று மூன்றாவது மாதம். ஆனாலும் போகிறாள். பிள்ளைகள் பசியில் மேஜை மேல் தலை வைத்துத் தூங்குகிறார்கள், எழுப்புவதில்லை என்கிறாள். பள்ளிக்கூடச் சாவி இப்போதும் அவள் இடுப்பில்தான். வாங்கிக்கொள்ள வேறு ஆள் இல்லை. கேஷியர் பக்கத்து ஊர்களில் நான்கு இடத்தில் வேலை கேட்டான். நான்கு இடத்திலும், "பாட்டிக்கு மட்டும் சொன்ன கேஷியர் நீதானே?" என்றார்கள். இப்போது அப்பாவோடு உலையில்தான். உடைத்த கண்ணாடியைக் கூடை கூடையாக எண்ணி ஏற்றிவிடுகிற வேலை. அதே குரல், அதே மாதிரி சத்தமாக எண்ணுகிறான். தெருமுனை வரை கேட்கிறது. இப்போது நான் போய் உட்காருவதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் அவனோடு பேசுவதில்லை. அவர்கள் பணமும் பாங்கில்தானே இருந்தது. ஊரை விட்டே போகிறேன் என்கிறான். "யாருக்கும் நான் சொல்லலைன்னு ஊர்ல ஒருத்தராவது நம்பினாப் போதும் பாட்டி, இருந்துடுவேன்" என்றான்.

சொல்லுங்கள் என்று நீ தந்தித் தாளில் எழுதியதே போதும், உன் கடிதம் வந்த அன்றைக்கே சத்தியம் முடிந்தது என்று வைத்துக்கொண்டேன். முதலில் அண்ணனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை நின்றது. நீ பயந்த மாதிரி அவன் ஒன்றும் சொல்லவில்லை. "பிள்ளைங்க சாப்பிடுதா?" என்று கேட்டான். தட்டில் பாதியை மூடி வைத்துவிட்டு எழுந்து போனான். யாருக்காக மூடி வைத்தான் என்று எனக்குத் தெரியவில்லை. இவனிடமா இத்தனை மாதம் ஒளித்தோம்?

அடுத்து தண்ணீர்க் குழாயடியில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "என் மகனுக்கு நவம்பர்லேர்ந்து வேலை இல்ல. ரொட்டி வரிசையில நிக்கிறான். அவனுக்குத்தான் எடுத்தேன். என் பேரன் எனக்கு ஒண்ணும் சொல்லல."

குடத்தை நிரப்பிக்கொண்டே ரேடியோ சொன்னாள். "மணியார்டர் பாங்குக்கு வருதுன்னீங்க. அப்புறம் வீடுன்னீங்க. இப்ப வேலை இல்லேங்கறீங்க. உங்க வீட்டுச் சுவத்துல பாத்தா கோட் போட்டு நிக்கிறாரு. நாங்க எதை நம்பறது பாட்டி?"

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் படத்தை அவளைப் பிடித்து நிறுத்திப் பார்க்க வைத்தவள் நான்தான். வீட்டுக்கு வந்து அதைக் கழற்றினேன். படம் இருந்த இடம் மட்டும் சுவரில் புதுச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை.

உன் ஜூன் மாதக் கடிதத்தைக் காட்டலாமா என்று பார்த்தேன். படிக்கத் தெரிந்தவர்கள் நான் எழுதி வாங்கியது என்பார்கள். மற்றவர்களுக்கு அது வெறும் தாள். படம் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அதனால் புதுப் படம் வேண்டும். கோட் போடாதே. பேனா செருகாதே. முகத்தைச் சவரம் செய்துகொள்ளாதே. அந்த ரொட்டி வரிசையில், உன் இடத்தில், முன்னால் இருப்பவன் முதுகும் பின்னால் இருப்பவன் முகமும் தெரிய நிற்க வேண்டும். உன் முகம் நேராகத் தெரிய வேண்டும். குனியாதே. அதை இந்த வீட்டுச் சுவரில் மாட்டப் போவதில்லை. பாங்கின் இரும்புக் கதவில், எல்லோர் கண்ணுக்கும் எட்டுகிற உயரத்தில் ஒட்டப்போகிறேன். பக்கத்திலேயே பெஞ்சு போட்டு உட்காருவேன். பார்க்காதவர்களைப் பார்க்க வைப்பேன். அது எனக்குப் பழக்கம்தான்.

படம் எடுக்கக் காசு இல்லை என்று எழுதாதே. என் பணத்தில் மீட்ட கோட்டை மறுபடியும் அடகு வை. ஒரு படத்துக்கு அது தாராளமாகப் போதும்.

பேரன் பெட்டி கட்டி வைத்திருக்கிறான். படம் வரும்வரை இருக்கச் சொல்லியிருக்கிறேன். எடுத்த அன்றே தபாலில் சேர்த்துவிடு.

அம்மா